நீருக்கு ஒரு நீதி, காற்றுக்கு ஒரு நீதி

மனிதன் உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாட்களும் உயிர்தரிக்கலாம். காற்றின்றிச் சில நிமிடங்களேனும் அவனால் இருக்க முடியாது. இது பாலரும் அறிந்த உண்மை. ஆயினும், உணவையும் நீரையும் காப்பதற்குச் சட்டங்கள் பல இயற்றிய உலகத்து அரசாங்கங்கள், மக்கள் கூடியிருக்கும் அறையினுள்ளே உலவும் காற்றைக் காப்பதற்கு நெடுங்காலம் ஏதும் செய்தில. சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குக் குளோரின் இடச் சொல்கிறார். உணவுச்சாலையின் சமையற்கட்டைப் பார்வையிடுகிறார். ஒரு வகுப்பறையிலே நாற்பது பிள்ளைகள் மாறி மாறி உள்வாங்கி வெளிவிடும் காற்று எத்தகையது என்று பார்க்க எவரும் வருவதில்லை. ஏன் இந்த வேற்றுமை? இவ்வினாவுக்கு விடை விஞ்ஞான நூல்களில் மாத்திரமன்று, வரலாற்றிலும் உண்டு. அவ்வரலாற்றை எமது சங்கத்து இளைஞர்களும் பெரியோர்களும் அறிந்துகொள்ளுதல் நன்று எனக் கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

தீக்காற்றுக் கொள்கை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, நோய்கள் யாவும் அழுகற் பொருள்களிலிருந்து எழும் தீக்காற்றினால் உண்டாகின்றன என்று மேனாட்டு வைத்தியரும் ஆட்சியாளரும் நம்பினர். மலேரியா என்னும் பெயரே இத்தாலிய மொழியில் ‘தீய காற்று’ என்று பொருள்படும். இங்கிலாந்தில் எட்வின் சாட்விக் என்பவர் 1842 ஆம் ஆண்டில் உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றிப் பெரியதோர் அறிக்கை வெளியிட்டார். அதன் பயனாக 1848 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் பொதுச் சுகாதாரச் சட்டத்தை இயற்றியது. துர்நாற்றமே நோய் என்பது சாட்விக்கின் உறுதியான நம்பிக்கை. அந்த நாற்றத்தைப் போக்குதற்காகவே கழிவுநீர்க் கால்வாய்களையும் குழாய்நீரையும் அவர் வேண்டி நின்றார்.

கிரைமியப் போரின்போது ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையில், 1855 பெப்ரவரி மாதத்திலே நோயாளரில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் மடிந்தனர். பிரித்தானிய அரசாங்கம் அனுப்பிய சுகாதார ஆணைக்குழு மார்ச்சு மாதத்தில் அங்கு சென்று, கட்டடத்தின் கீழ் அடைபட்டுக் கிடந்த கால்வாய்களைத் துப்புரவாக்கி, அறைகளுக்குக் காற்றோட்டமும் செய்வித்தது. யூன் மாதத்திலே இறப்பு நூற்றுக்கு இரண்டு அளவிற்கு இறங்கிற்று. அங்கு பணியாற்றிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859 இல் தாம் எழுதிய தாதியர் நூலிலே, நோயாளிக்குக் குளிர் ஏறாதபடி, அவன் சுவாசிக்கும் காற்றை வெளிக்காற்றைப் போலத் தூயதாக வைத்திருத்தலையே முதல் விதியாகக் கூறினார்.

இதே காலத்தில் இலண்டன் வைத்தியர் யோன் சினோ, கொலரா நோய் காற்றினால் அன்று, நீரினாலேயே பரவுகின்றது என்று காட்டினார். 1854 இல் சோகோ என்னும் பகுதியில் நோய் மூண்டபோது, இறந்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, புறோட் வீதியிலிருந்த நீர்ப்பம்பியே காரணம் எனக் கண்டார். அவ்வாண்டு செப்டெம்பர் 8 ஆந் திகதி அப்பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது. ஆயினும் அரசாங்கச் சுகாதார சபை நியமித்த விஞ்ஞானக் குழு அடுத்த ஆண்டில் அவர் கூற்றை ஏற்க மறுத்தது. 1858 ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் பாராளுமன்றத்தினுள்ளும் புகுந்து அங்கத்தவர்களின் மூக்கைப் பொத்தச் செய்தது. அதன் பின்னரே யோசப் பசல்கெற் என்னும் பொறியியலாளரின் பெருங் கால்வாய்த் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கினர். அக்கோடையிலேதான் சினோவும் காலமானார்.

ஈண்டு ஓர் உண்மையை நாம் நோக்குதல் வேண்டும். நாற்றத்தைப் போக்கக் கட்டிய கால்வாய்களே கொலராவையும் போக்கின. கொள்கை பிழை, செய்த காரியமோ சரி. இதன் பின்னர் கொள்கை திருந்தியபோது, காரியம் ஒன்று பிழைத்துப் போயிற்று. அதுவே நாம் அடுத்துக் கூறவிருப்பது.

கிருமியும் காற்றும்

றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர் 1882 இல் சயரோகக் கிருமியை உலகுக்குக் காட்டினார். ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு கிருமி உண்டென்பது நிலைபெற்றது. 1897 இல் இந்தியாவின் செக்கந்தராபாத்திலே றொனால்ட் றொஸ் நுளம்பின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டபின், தீக்காற்றுக் கொள்கைக்கு இருந்த பிடிமானமும் அற்றது.

அக்காலத்திலே காற்றைத் தொற்றுநீக்கும் முறை என்று நிலவியது, நோயாளி இருந்த அறையைப் பூட்டிவிட்டுக் கந்தகப் புகையோ வேறு மருந்துப் புகையோ இடுதலாகும். பெரும் பணமும் உழைப்பும் இதில் வீணாயின. அமெரிக்காவில் புறொவிடன்ஸ் நகரச் சுகாதார அதிகாரியாய் இருந்த சாள்ஸ் சேப்பின், 1910 இல் வெளியிட்ட நூலிலே இம்மூட வழக்கத்தை வன்மையாகக் கண்டித்தார். நோய்கள் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் நெருங்குதலாலும் தொடுதலாலுமே பரவுகின்றன. காற்று வழியாகத் தொலைவுக்குப் பரவும் என்னும் அச்சம் நீங்கினால், மக்கள் கைச்சுத்தத்தில் மனம் வைப்பர் என்பது அவர் வாதம். புகையிடுதலைப் பொறுத்தவரையில் அவர் கூற்று முற்றிலும் நியாயமே. ஆயின், காற்றினாற் பரவுவது அரிது என்று சேப்பின் எழுதியதை அவருக்குப் பின் வந்தோர், காற்றினாற் பரவுவது இல்லை என்று ஓதத் தலைப்பட்டனர். ஐயம் ஒரு தலைமுறையில் விதியாயிற்று.

இதற்கிடையில் நீரின் கதை வேறு வழியிற் சென்றது. அமெரிக்காவின் யேர்சி நகரிலே, குடிநீர் தூயதன்று என மாநகர ஆட்சியினர் நீர் வழங்கிய கம்பனியின்மேல் வழக்குத் தொடுத்தனர். கம்பனியின் ஆலோசகரான வைத்தியர் யோன் லீல், 1908 செப்டெம்பர் 26 ஆந் திகதி முதல் அந்நகர் முழுவதற்கும் செல்லும் நீரிற் குளோரின் மருந்தைச் சிறிதளவு கலப்பித்தார். குடிக்கும் நீரில் நஞ்சா என்று பலர் திடுக்கிட்டனர். நீதிமன்றம் சாட்சியங்களை ஆராய்ந்து அம்முறையை ஏற்றது. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க நகரங்கள் பல அதனைக் கைக்கொண்டன. நெருப்புக்காய்ச்சல் மரணங்கள் வீழ்ந்தன. நீரைத் தூய்மையாக்குதல் அரசின் கடன் என்பது அன்று முதல் ஐயமற்ற நீதியாயிற்று.

வெல்ஸ் தம்பதிகள்

காற்றுக்காக வாதாட முன்வந்தவர் வில்லியம் பேத் வெல்ஸ் என்னும் பொறியியலாளர். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1934 இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி எளிமையானது. இருமும்போதும் தும்மும்போதும் வாயிலிருந்து சிதறும் துளிகளிற் பெரியவை நிலத்தில் விழுகின்றன. மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கிலும் சிறியனவோ விழுமுன்னரே உலர்ந்து, கிருமியைச் சுமந்த நுண்துகளாக மாறிக் காற்றிலே நெடுநேரம் மிதக்கின்றன. ஊதுவத்திப் புகை ஒரு மூலையில் எழுந்து அறை முழுவதும் பரவுவதைப் போன்றது இது. அவ்வாறாயின், நோயாளிக்கு அருகே செல்லாதவனும் அதே அறையில் இருந்தமையால் மாத்திரம் நோயுறக்கூடும்.

நோயைச் சுட்டியதோடு நில்லாது மருந்தையும் அவர் தேடினார். சூரிய ஒளி பற்றீரியாக்களைக் கொல்லும் என்பதை டவுன்ஸ், பிளண்ட் என்னும் ஆங்கிலேயர் இருவர் 1877 இலேயே கண்டிருந்தனர். ஒளியிலுள்ள ஊதாக்கடந்த கதிர்கள் கிருமியின் உயிர்க்கருவைச் சிதைக்கின்றன. இக்கதிரை உமிழும் விளக்குகளை ஆள் உயரத்துக்கு மேலே சுவரிற் பொருத்தி, ஒளி மேல்நோக்கி மாத்திரம் செல்லும்படி மறைத்துவிட்டால், கீழே இருப்போரின் கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கில்லை. உடற்சூட்டினால் மேலெழும் காற்று அங்கே தூய்மையடைந்து மீண்டும் கீழிறங்கும்.

வில்லியம் வெல்ஸும் அவர் மனைவியாரான வைத்தியர் மில்ட்ரெட் வெல்ஸும் பிலதெல்பியா நகரை அடுத்த பாடசாலைகளில் 1937 முதல் இவ்விளக்குகளை அமைத்தனர். 1941 இல் அவ்வூரிற் சின்னமுத்து மிகப் பரவிற்று. முன்பு அந்நோய் வராத பிள்ளைகளுள், விளக்கில்லா வகுப்புகளில் நூற்றுக்கு 53.6 பேர் நோயுற, விளக்குள்ள வகுப்புகளில் 13.3 பேரே நோயுற்றனர்.

இச்செய்தி பலரை ஊக்கிற்று. ஆனால் நியூயோர்க் மாநிலத்துக் கிராமப் பாடசாலைகளிலும், பின்னர் இங்கிலாந்தில் சவுத்தோல் என்னும் இடத்திலும் செய்த சோதனைகளில் அத்தகைய பயன் தோன்றவில்லை. காரணம் மறைவானதன்று. நியூயோர்க் கிராமப் பிள்ளைகள் நெருக்கமான பேருந்துகளில் ஏறி ஒன்றாகவே பாடசாலைக்குச் சென்றனர். சவுத்தோல் பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே ஒருவரோடொருவர் கலந்து பழகினர். வகுப்பறையில் வராத நோய் வழியில் வந்தது. 1954 இல் பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சிச் சபை வெளியிட்ட அறிக்கைக்குப் பின் பாடசாலைகளுக்கு இவ்விளக்குகளைப் பரிந்துரைப்பார் அரிதாயினர்.

பாடசாலைக் குழாயில் நல்ல நீர் குடித்த பிள்ளை மாலையில் அசுத்தமான குட்டை நீரைக் குடித்து நோயுற்றால், பாடசாலைக் குழாய் பயனற்றது என்று எவரேனும் அதனைப் பெயர்த்தெறிவரா? குட்டையையும் துப்புரவாக்க அன்றோ முயல்வர்! காற்றின் விடயத்திலோ எறிந்துவிட்டனர். இதனையே நாம் நீருக்கு ஒரு நீதி, காற்றுக்கு ஒரு நீதி என்கின்றோம்.

பால்ரிமோர்ச் சோதனை

வெல்ஸின் மாணவரான வைத்தியர் றிச்சேட் றைலி சோர்ந்தாரல்லர். பால்ரிமோர் நகரில் முன்னாட் படைவீரருக்கான வைத்தியசாலை ஒன்றில், சயரோகிகள் தங்கிய ஆறு கட்டில்கள் கொண்ட விடுதியின் காற்று முழுவதையும் குழாய் வழியாக மேலேயுள்ள கூடமொன்றுக்குச் செலுத்தினார். அங்கே கினிப்பன்றிகள் வளர்க்கப்பட்டன. அவை நோயாளியைக் கண்டதுமில்லை, தீண்டியதுமில்லை. அவர் விட்ட மூச்சையே சுவாசித்தன. 1956 இல் தொடங்கிய இச்சோதனையின் முதல் ஈராண்டுகளில் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று கினிப்பன்றிகள் சயரோகம் பற்றின. பின்னர், ஊதாக்கடந்த கதிர் பட்ட காற்றைச் சுவாசித்த கூட்டத்திலே ஒன்றேனும் நோயுறவில்லை. சயரோகம் காற்றினாற் பரவும் என்பதும், அக்காற்றைத் தூய்மையாக்க முடியும் என்பதும் ஒருங்கே நிறுவப்பட்டன. இதன் முழு முடிவுகள் 1962 இல் வெளிவந்தன. அடுத்த ஆண்டில் வெல்ஸ் மறைந்தார்.

மறதியின் விலை

அந்நேரத்தில் உலகின் கவனம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. சயரோகத்துக்கு ஸ்ரெப்ரோமைசின், ஐசோனியாசிட் முதலிய மருந்துகள் வந்தன. 1963 இல் சின்னமுத்துக்குத் தடுப்பூசி வந்தது. ஊசியும் குளிசையும் இருக்கக் காற்றைப் பற்றிக் கவலை ஏன் என்று எண்ணினர். 1895 இல் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம் ஆளொருவருக்கு நிமிடமொன்றுக்கு 30 கன அடி வெளிக்காற்று வேண்டும் என வகுத்திருந்தது. 1973 இன் எண்ணெய் நெருக்கடியின் பின் எரிபொருளை மிச்சம் பிடிக்கும் நோக்குடன், அதன் வழிவந்த சங்கம் 1981 இல் அதனை 5 கன அடியாகக் குறைத்தது. கட்டடங்களில் இருப்போர் தலைவலி, கண்ணெரிவு என்று முறையிடவே 1989 இல் 15 ஆக உயர்த்திற்று. மருந்துக்கு அடங்காத சயரோகம் நியூயோர்க் வைத்தியசாலைகளிலும் சிறைகளிலும் தலைதூக்கிய பின்னரே, 1994 இல் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு நிலையம் காற்றோட்டத்தையும் ஊதாக்கடந்த விளக்குகளையும் தன் வழிகாட்டலில் மீண்டும் சேர்த்தது.

நோய் தணிந்தவுடன் காவலைத் தளர்த்தும் இக்குறை மேனாட்டாருக்கு மாத்திரம் உரியதன்று. எமது தீவின் மலேரியா வரலாறும் இதனையே கூறும். 1934-35 இல் மூண்ட மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் மாண்டனர். 1946 முதல் டீ.டீ.ரீ. மருந்தை வீடுவீடாகத் தெளித்தமையால் நோய் வேகமாக இறங்கி, 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே இருந்தனர். வெற்றி கைகூடிற்று என்று தெளித்தலும் கண்காணிப்பும் குறைக்கப்பட்டன. 1968-69 இலே நோய் மீண்டும் பெருகி இலட்சக்கணக்கானோரைப் பீடித்தது. அன்று இழந்ததை மீட்பதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது. 2016 இலேயே உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகப் பிரகடனஞ் செய்தது. அப்பிரகடனத்தின் பின்னும் மலேரியாத் தடை இயக்கம் கலைக்கப்படவில்லை என்பது, அனுபவம் கற்பித்த பாடத்தின் பயனாகும்.

கொவிட் காலத்துச் சோதனை

இத்தனை அறிவும் ஏட்டில் இருக்கவே 2020 ஆம் ஆண்டு பிறந்தது. கொவிட் நோய் பரவத் தொடங்கியபோது உலக சுகாதார ஸ்தாபனம் அவ்வாண்டு மார்ச்சு 28 ஆந் திகதி, இந்நோய் காற்றினாற் பரவுவதன்று என்று திட்டவட்டமாக அறிவித்தது. அதற்கு முன்னரே, மார்ச்சு 10 ஆந் திகதி, அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் 61 பேர் கூடிப் பாடற்பயிற்சி செய்தனர். அவர்களுள் ஒருவருக்கு நோய் இருந்தது. இரண்டரை மணி நேரத்தில், ஏனைய 60 பேருள் 52 பேருக்கு அது பற்றியதாகக் கணிக்கப்பட்டது, இருவர் உயிரிழந்தனர்.

அவ்வாண்டு யூலை மாதத்தில் லிடியா மொறவ்ஸ்கா, டொனால்ட் மில்ரன் ஆகியோர் எழுதிய முறையீட்டை 239 விஞ்ஞானிகள் ஆதரித்தனர். காற்றோட்டத்தைப் பெருக்குங்கள், காற்றை வடிகட்டுங்கள், ஊதாக்கடந்த கதிரைப் பயன்படுத்துங்கள் என்று அவர்கள் வேண்டினர். ஆயினும் கை கழுவுதலும், ஒரு மீற்றர் இடைவெளியும், மேசை துடைத்தலுமே பல நாடுகளின் முதன்மையான விதிகளாய் இருந்தன. எமது நாட்டிலும் 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 2020 ஒக்டோபரில் முகக்கவசமும் ஒரு மீற்றர் இடைவெளியும் கட்டாயமாக்கப்பட்டன. முகக்கவசம் மிதக்கும் துகளையும் ஓரளவு தடுப்பது, அது நற்செயலே. ஆனால் அடைத்த அறையிலே ஒரு மீற்றர் தூரம் என்ன செய்யும்? புகை நிறைந்த அறையில் ஒரு மீற்றர் விலகி நின்றவனுக்குக் கண் எரியாதா?

துகள் மிதப்பதற்கு எல்லையாக வெல்ஸ் கண்ட அளவு சுமார் 100 மைக்ரோன். வைத்திய நூல்களோ 5 மைக்ரோன் என்றே பல தசாப்தங்களாக அச்சிட்டு வந்தன. சயரோகக் கிருமி நுரையீரலின் அடிவரை செல்லுதற்குரிய அளவும், துகள் காற்றில் மிதத்தற்குரிய அளவும் ஒன்றோடொன்று மயங்கிப் போனமையை, 2021 இல் ஆராய்ச்சியாளர் சிலர் பழைய ஏடுகளைப் புரட்டி வெளிப்படுத்தினர். ஒரு பழைய எண்ணை எவரும் திரும்பிப் பாராமையால் விளைந்த கேடு இது.

2021 ஏப்பிரல் 30 ஆந் திகதி உலக சுகாதார ஸ்தாபனம், காற்றில் மிதக்கும் துகள்களாலும் நோய் பரவும் என்று தன் விளக்கத்தைத் திருத்திற்று. 2022 நவம்பரில் பெல்ஜிய நாடு பொதுமக்கள் கூடும் மூடிய இடங்களின் காற்றுத் தரத்துக்கெனச் சட்டம் இயற்றியது. 2023 மே மாதத்தில் அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையம், அறையின் காற்று மணிக்கு ஐந்து முறையேனும் மாறுதலை இலக்காகக் கொள்ளுமாறு கூறிற்று. சாட்விக்கின் அறிக்கை வெளிவந்து ஏறக்குறைய 180 ஆண்டுகள் கழிந்த பின்னர், காற்று மீண்டும் அரசின் கவனத்துக்கு வந்துள்ளது.

நாம் செய்யத்தக்கது

நீருக்கும் காற்றுக்கும் இயல்பான வேறுபாடு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. நகரத்து நீர் ஒரு குழாயில் வருகின்றது; அதற்கு ஓர் உடையவர் உண்டு; ஓரிடத்தில் மருந்து கலந்தால் ஊர் முழுவதும் பயனடையும். காற்றோ ஒவ்வோர் அறைக்கும் வேறு. ஆதலின் அரசாங்கம் காற்றுக்கு மருந்து கலக்க இயலாது. அறைகளுக்கு விதி வகுத்தல் இயலும். கட்டடம் அமைக்க அனுமதி அளிக்கும்போது கதவும் கழிவறையும் எங்கே என்று கேட்கும் அதிகாரி, நூறு பேர் கூடுமிடத்தில் மணிக்கு எத்தனை முறை காற்று மாறும் என்றும் கேட்கலாம். சயரோகிகள் வந்து காத்திருக்கும் கூடங்களில் மேற்சுவர் விளக்குகளை அமைத்தல் பெருஞ் செலவாகாது.

அரசாங்கம் செய்யும் வரை நாமும் வாளாவிருக்க வேண்டியதில்லை. எம் முன்னோர் கட்டிய வீடுகளில் நடுமுற்றம் இருந்தது; எதிரெதிர் யன்னல்கள் இருந்தன. ஓலைக் கொட்டில் வகுப்பிலே வசதி குறைவாயினும் காற்றுக்குக் குறைவில்லை. இன்று குளிரூட்டிய மண்டபத்தையும் அடைத்த ரியூட்டரி அறையையும் பெருமையாகக் கொள்கின்றோம். சாதாரண குளிரூட்டி அறையிலுள்ள காற்றையே திரும்பத் திரும்பக் குளிராக்குகின்றது. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? எமது சங்க இளைஞர்கள் தத்தம் ஊர் வாசிகசாலை, பாடசாலை, மண்டபம் என்பவற்றைச் சென்று பார்க்கட்டும். திறக்கப்படாத யன்னல்களைத் திறப்பிக்கட்டும். மின்விசிறி ஒன்றினால் உட்காற்றை வெளியேற்ற வழி செய்யட்டும். காற்றின் கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவிகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. அவை காட்டும் எண் ஏற ஏற, பிறர் விட்ட மூச்சை நாம் சுவாசிக்கின்றோம் என்று அறியலாம். ஊர்ப் பெரியோர்கள் அவ்வெண்களைக் கையிற்கொண்டு பிரதேச சபையிடமும் கல்வி அதிகாரிகளிடமும் பேசலாம். சொல்லுக்கு மசியாதவர் எண்ணுக்கு மசிதல் உண்டு.

நோய் வந்தபோது விழித்து, தணிந்தபோது உறங்குதல் நல்லாட்சியும் அன்று, நற்குடிமையும் அன்று. கிணற்றைக் காப்பது போலக் காற்றையும் காக்கும் நீதி எம்மூரிலேனும் முதலில் நிலைபெறுவதாக.